கூட்டு நுண்ணோக்கியா, ஸ்டீரியோவா?

முதல் நுண்ணோக்கி வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எத்தனை மடங்கு என்று போட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பொதுவாகக் கிடைப்பவை இரண்டு வகை: கூட்டு நுண்ணோக்கி, ஸ்டீரியோ நுண்ணோக்கி. கூட்டு நுண்ணோக்கி வழக்கமாக 40 முதல் 1000 மடங்கு. ஸ்டீரியோ பெரும்பாலும் 10 முதல் 40. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சரி, கூட்டு நுண்ணோக்கியின் மேடையில் ஓர் எறும்பை வைத்துப் பாருங்கள். கறுப்பு நிழல்தான் தெரியும்.

காரணம், வெளிச்சம் வரும் திசை. கூட்டு நுண்ணோக்கியில் விளக்கு அடியில் இருக்கிறது. மேடைக்குக் கீழே உள்ள கண்டென்சர் அந்த ஒளியைக் குவித்து, பொருளை ஊடுருவி மேலே அனுப்புகிறது. எனவே ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால்தான் எதுவும் தெரியும்: வெங்காயத் தோல், கன்னத்தின் உட்புறச் செல்கள், ஒரு சொட்டுக் குளத்து நீர். ஸ்டீரியோவில் ஒளி மேலிருந்து விழுந்து, பொருளில் பட்டுத் திரும்புகிறது. பூச்சி, கல், நாணயம், சர்க்யூட் பலகை என எதையும் அப்படியே வைக்கலாம். வெட்டவும் வேண்டாம், சாயம் ஏற்றவும் வேண்டாம்.

நுணுக்கம் என்று வந்தால் கூட்டு நுண்ணோக்கியை ஸ்டீரியோ நெருங்கவே முடியாது. பொருளுக்கு அருகே இருக்கும் பொருளருகு லென்ஸின் உடலில், அந்த லென்ஸின் மடங்கான 40 என்பதற்குப் பக்கத்தில் 0.65 என்று இன்னொரு எண் பொறித்திருக்கும். எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை அந்த லென்ஸ் உள்வாங்கும் என்பதன் அளவு அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் இந்த எண்ணைப் பொறுத்தது என்று 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி தெரிய, ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளியில் 0.65க்கு ஏறக்குறைய 0.42 மைக்ரோமீட்டர் வரும். 100 மடங்கு லென்ஸில் இந்த எண் 1.25. ஸ்லைடில் பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கும் லென்ஸுக்கும் இடையே, ஒளிவிலகல் எண்ணில் கண்ணாடியை ஒத்த எண்ணெய் ஒரு சொட்டு விட்டால்தான் அது கிடைக்கும். இத்தனை செய்தும் 0.2 மைக்ரோமீட்டருக்கு அருகில் போய் நின்றுவிடுகிறோம். ஆகவே கண்ணருகு லென்ஸை மாற்றி ‘2500 மடங்கு’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள். படம் பெரிதாகும், மங்கலும் கூடவே பெரிதாகும்.

இதற்கெல்லாம் நாம் கொடுக்கும் விலை, லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள இடம். 40 மடங்கு லென்ஸ் ஸ்லைடிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகி நிற்காது. படத்தைத் தெளிவாக்கும் பெரிய திருகை அவசரமாகத் திருப்பினால் கவர் ஸ்லிப் நொறுங்கும். நான் இரண்டு நொறுக்கியிருக்கிறேன். சிறிய திருகு இருப்பதே அதற்குத்தான். ஸ்டீரியோவில் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் கிடைக்கும். ஊசி, இடுக்கி எல்லாம் வைத்து வேலை செய்யலாம்.

பலரும் ஏமாறுவது கண் வைக்கும் இடத்தில். இரு கண் வைத்த கூட்டு நுண்ணோக்கி ஆழத்தைக் காட்டாது. ஒரே பொருளருகு லென்ஸின் படத்தைப் பட்டகம் இரண்டாகப் பிரித்துத் தருகிறது, அவ்வளவுதான். ஸ்டீரியோவில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி ஒளிப்பாதை, சற்றே வேறு கோணத்தில். அமெரிக்க விலங்கியலாளர் ஹொரேஷியோ கிரீனோ சொன்ன யோசனை இது. 1890களில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனமான ஸைஸ் செய்து கொடுத்தது. படமும் நேராகத் தெரியும். கூட்டு நுண்ணோக்கியிலோ ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் படம் வலப்பக்கம் ஓடும்.

செல்களையும் பாக்டீரியாவையும் பார்க்க வேண்டுமென்றால் கூட்டு நுண்ணோக்கிதான், பேச்சே இல்லை. வீட்டில் குழந்தைகளும் பார்ப்பதற்கென்றால் நான் ஸ்டீரியோவைத்தான் சொல்வேன். ஸ்லைடு தயாரிக்கும் வேலை இல்லாததால் அடிக்கடி கையில் எடுப்பார்கள்.

கூட்டு நுண்ணோக்கி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? அடி விளக்கை அணைத்துவிட்டு, 4 மடங்கு லென்ஸைப் பொருளுக்கு மேலே கொண்டுவந்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஆழம் தெரியாது, ஆனால் எறும்பின் கால் முடிகூடத் தெரியும். இதே வித்தையை 40இல் முயலாதீர்கள். டார்ச் வெளிச்சம் நுழைய அங்கே இடைவெளி இல்லை.