வீட்டு ரெக்கார்டிங்கில் டிரம்ஸ்: ஆறு வருஷம் மவுஸால் அடித்த அனுபவம்

கிட்டார், பாஸ், குரல் மூன்றையும் வீட்டிலேயே பதிவு செய்துவிடலாம், டிரம்ஸ் மட்டும் முடியாது. நான் இருப்பது மாடி போர்ஷன், கீழே வீட்டுக்காரர். டிரம் செட் வாங்கக் காசு இருந்தாலும் வைக்க இடமில்லை, இடம் இருந்தாலும் அடிக்க விடமாட்டார்கள், விட்டாலும் எனக்கு அடிக்கத் தெரியாது. அதனால் 2019-லிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

முதல் வருஷம் லூப்பிலேயே ஓடியது. தாளத்தின் இரண்டு சுற்று (பார்) மட்டும் உள்ள, தயாராகப் பதிவான துண்டை எடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போவேன். உண்மையில் சத்தம் மோசமே இல்லை, யாரோ ஒரு நிஜ டிரம்மர் ஸ்டூடியோவில் வாசித்தது அது. ஆனால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது பாட்டு ஏறும், லூப் ஏறாது. என் கிட்டார் ஒரு இடத்தில் நின்று தொடரும், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும். பின்னணியில் ரேடியோ ஓடுகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் பக்கம் வந்தேன். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். அதில் எம்டி பவர் டிரம்கிட் 2 என்ற இலவச பிளக்இன்னை (ரீப்பருக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டேன். திறக்கும்போது நன்கொடை கேட்டு ஒரு திரை வரும், அதைத் தாண்டினால் வேலை ஆரம்பிக்கலாம். சத்தங்கள் ஏற்கெனவே ஈக்யூ, கம்ப்ரஷன் என்ற மெருகேற்றும் வேலையெல்லாம் செய்யப்பட்டே வருவதால் ராக், பாப் பாட்டுக்கு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வருஷத்துக்கு மேல் அதுதான் எனக்குச் சோறு போட்டது. புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

சத்தம் நன்றாக இருந்தும் என் டிரம்ஸ் பொய்யாகவே கேட்டது. ஒரு காரணம் எனக்கே தெரிந்தது. திரையிலுள்ள கட்டங்களில் மவுஸால் வரைந்தால் எல்லா நோட்டும் ஒரே வெலாசிட்டியில் விழும். மிடியில் (எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் முறை) வெலாசிட்டி 1 முதல் 127 வரை, அதாவது எவ்வளவு ஓங்கி அடித்தீர்கள் என்ற கணக்கு. ஸ்னேர் டிரம்மில் ஒரு ரோல் (வேகமான தொடர் அடி) போட்டு எல்லாவற்றையும் 110-ல் வைத்தால் மெஷின் கன் சுடுகிற மாதிரி டடடடட என்று வரும். நல்ல பிளக்இன்கள் ஒரே அடிக்குப் பல பதிவுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுக்கும், ரவுண்ட் ராபின் என்பார்கள். அது கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது.

இன்னொரு காரணத்தைச் சொன்னவர் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன். சர்ச்சிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் பல வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறவர். வீட்டுக்கு வந்தபோது ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். டாம் டிரம்களில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட ஒரு ஃபில் (இரண்டு பகுதிகளை இணைக்கும் உருட்டு) வந்தது, கூடவே ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, “தம்பி, ரெண்டு கையும் டாம்ல இருக்கு. அந்த நேரத்துல ஹை-ஹேட்ட அடிக்கிறது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?” என்றார்.

சத்தியமாக அதுவரை யோசித்ததே இல்லை. திரையில் கட்டம் காலியாக இருந்தால் நிரப்புவேன், அவ்வளவுதான். கட்டத்துக்குப் பின்னால் இரண்டு கை, இரண்டு கால் உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தேன், இந்த ஆறு வருஷத்தில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். என் பாட்டை அவர் காதில் ஹெட்ஃபோனில் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் இரண்டு பென்சிலால் தட்டச் சொல்லி ஃபோனில் பதிவு செய்தேன். வலது கை மேஜை விளிம்பு, அது ஹை-ஹேட். இடது கை ஒரு நோட்டுப் புத்தகம், அது ஸ்னேர். அந்தப் பதிவை ரீப்பரில் போட்டு அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஹை-ஹேட் ஒன்று பெரிது, அடுத்தது சிறிது, ஒன்று பெரிது, அடுத்தது சிறிது. ஸ்னேரின் பெரிய அடிகளுக்கு நடுவே காதில் விழுவதே தெரியாத குட்டி அடிகள், கோஸ்ட் நோட் என்பது இதுதான். முக்கியமாக, ஸ்னேர் கட்டத்தின் கோட்டில் விழவில்லை, பத்து மில்லி செகண்ட் அளவுக்குத் தாமதமாக விழுந்தது, அதுவும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதே பக்கம். ஃபில் வந்தால் மட்டும் சற்று முந்துவார், ஆனால் அடுத்த பாரின் முதல் அடியில் சரியாக வந்து இறங்கிவிடுவார்.

இதைப் பார்த்த பிறகு ஹ்யூமனைஸ் பட்டனை நான் தொடுவதில்லை. அது நோட்டுகளைக் குருட்டாம்போக்கில் முன்னும் பின்னும் தள்ளும். கேட்டால் மனிதர் வாசித்த மாதிரி இருக்காது, தூக்கக் கலக்கத்தில் வாசித்த மாதிரி இருக்கும். மனிதருடைய பிசகில் ஒரு பழக்கம் இருக்கிறது, அந்தப் பழக்கத்தைத்தான் நாம் வரைய வேண்டும்.

இப்போது நான் செய்வது ஏறக்குறைய இப்படி. ஹை-ஹேட் எட்டாம் நோட்டுகளில் (ஒரு தட்டுக்கு இரண்டு) தாளத்தில் விழுவதற்கு வெலாசிட்டி 90, நடுவில் விழுவதற்கு 65. ஸ்னேரின் முக்கிய அடி 105-லிருந்து 115-க்குள், கோஸ்ட் நோட் 25-லிருந்து 40-க்குள். 127 பக்கமே போவதில்லை, கடைசிச் சரணத்தில் ஒரு அடிக்கு வேண்டுமானால். ஸ்னேர் தடம் முழுவதையும் 8 மில்லி செகண்ட் பின்னால் தள்ளுவேன், 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு பதினாறாம் நோட்டே 125 மில்லி செகண்ட் என்பதால் இது காதுக்குத் தனியாகத் தெரியாது, பாட்டு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி மட்டும் இருக்கும். கிராஷ் (பெரிய சிம்பல்) அடித்தால் கூடவே கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), அந்த நொடியில் ஹை-ஹேட் கிடையாது. பல்லவிக்கு டெம்போவை 2 பிபிஎம் ஏற்றிவிடுவேன்.

சரி, காசு கொடுத்து வாங்கியதற்கு வருகிறேன். 2022-ல் ஈஸிடிரம்மர் 3 என்ற டிரம்ஸ் மென்பொருள் வந்தபோது கொஞ்ச நாள் யோசித்துவிட்டு வாங்கினேன். ஸ்வீடனின் டூன்ட்ராக் நிறுவனத்துடையது, சத்தங்கள் பெர்லினில் ஹன்சா ஸ்டூடியோவில் பதிவானவை, 1977-ல் டேவிட் போவி வேலை செய்த அதே இடம். நான் வாங்கியது அந்தப் பெருமைக்காக இல்லை. நம்முடைய கிட்டார் தடத்தை அதில் இழுத்துப் போட்டால் அதற்கு ஒத்துவரும் க்ரூவ்களை (தாள வடிவங்களை) எடுத்துத் தருகிற பேண்ட்மேட் என்ற வசதிக்காக. மூன்று வருஷத்துக்குப் பிறகு சொல்கிறேன், அது தருவதை அப்படியே வைத்துக்கொண்டது ரொம்பக் குறைவு, ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. க்ரூவைப் போட்டுவிட்டு, மேஜையில் தட்டிய கணக்கை வைத்துத் திருத்துவேன். அதே நிறுவனத்தின் சுப்பீரியர் டிரம்மர் 3 வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மூல ஒலிகளே 230 ஜிபிக்கு மேல், என் லேப்டாப்பின் மொத்த டிஸ்க்கே 256. அதோடு, பேச்சு முடிந்தது.

வீணான செலவு என்றால் ஒரு மலிவான பேட் (தட்டி டிரம்ஸ் பதிவு செய்யும் கருவி). ஒரு முறை தட்டினால் இரண்டு நோட் பதிவாகும், கடையில் மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் 25 கட்டை மிடி கீபோர்டில் இரண்டு விரலால் வாசிப்பதே பழகிவிட்டது. மிடி நோட் எண் 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட், இந்த மூன்று எண்ணும் பெரும்பாலான பிளக்இன்களில் ஒன்றுதான். விரலால் வாசிக்கும்போது பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து வெளியே விடும் அளவு) குறைக்க மறக்காதீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அதுமட்டுமே 23 மில்லி செகண்ட் தாமதம், 128 என்றால் மூன்றுக்கும் கீழே. தெரியாமல் ஒரு மாதம் என் தாளக் கட்டு சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்க் குத்துக்கு மட்டும் எதுவும் தயாராகக் கிடைக்காது. மேற்கத்திய க்ரூவ் தொகுப்புகளில் அந்தத் தாளத்துக்காக 6/8 என்று தேடினால் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மெதுவான காதல் பாட்டு அல்லது புளூஸ். அந்த மாதிரிப் பாட்டுக்கு முதலில் வாயால் தகிட தகிட சொல்லிப் பதிவு செய்வேன், எங்கே அழுத்துகிறேன் என்று பார்த்து அங்கே கிக்கையும் டாமையும் வைப்பேன். வாய் பொய் சொல்லாது, மவுஸ் சொல்லும்.

மிக்ஸில் ஒரே ஒரு விஷயம். கிக், ஸ்னேரைத் தனித்தனியாக அழகுபடுத்திவிட்டு ஓவர்ஹெட்டை (டிரம் கிட்டுக்கு மேலே வைத்த மைக்கின் தடம்) கடைசியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தலைகீழ்: ஓவர்ஹெட்டை முதலில் ஏற்றி, அதிலேயே முழு கிட்டும் கேட்ட பிறகு, குறைகிற அளவுக்குத்தான் கிக்கும் ஸ்னேரும். ரிவர்ப் (செயற்கை எதிரொலி) போடுவதற்குப் பதில் ரூம் மைக் (அறையின் ஒலியைப் பிடித்த தடம்). இன்னொன்று, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பாதி அரிசி போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக் முன்னால் நானே குலுக்கிப் பதிவு செய்வேன். நிஜமான கை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் மிடியும் நிஜமாகக் கேட்க ஆரம்பிக்கும். அண்ணனிடம் சமீபத்தில் ஒரு பாட்டைக் காட்டினேன், டிரம்ஸ் பற்றி எதுவுமே சொல்லவில்லை. “பாட்டு கொஞ்சம் இழுக்குது தம்பி, ரெண்டாவது சரணத்த வெட்டிடு” என்றார்.

பிரஷ் வாசிப்பு (குச்சிக்குப் பதில் தூரிகை மாதிரியான ஒன்றால் வாசிப்பது) மட்டும் இன்னும் பிடிபடவில்லை. குச்சி அடி ஒரு நொடியில் முடிந்துவிடும், அதை வரையலாம். பிரஷ் ஸ்னேர் மேல் வட்டமாக இழுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை, கட்டத்தில் எங்கே வைப்பது? அதற்காக எழுதிய ஒரு மெல்லிய பாட்டு இரண்டு வருஷமாக டிரம்ஸ் இல்லாமலே ஃபோல்டரில் கிடக்கிறது. அடுத்த முறை அண்ணன் வந்தால் ஒரு அட்டைப்பெட்டியையும் ஒரு ஜோடி பிரஷ்ஷையும் கையில் கொடுத்து மைக்கை முன்னால் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.