எஃப்பிஐ வால்ட்: கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், இது சுத்தமா ஃப்ரீ. லாகின் கிடையாது, ஓடிபி வராது, ஆதார் கேக்காது. வால்ட் டாட் எஃப்பிஐ டாட் ஜிஓவி னு அடிச்சா தொறந்துடும். அமெரிக்காவோட மத்திய புலனாய்வு போலீஸ் இருக்கே எஃப்பிஐ, அவங்க பழைய ஃபைலுங்கள ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா போட்டு வெச்சிருக்கற எடம் இது. 2011 ஏப்ரல்ல இந்த ரூபத்துல வந்தப்பவே 6,700 டாக்குமென்ட் இருக்குன்னு சொன்னாங்க. ஐன்ஸ்டீன் மேல வெச்சிருந்த ஃபைல் மட்டுமே ஆயிரத்து நானூறு பக்கத்துக்கு மேல ஓடுது, அந்த மனுசன் என்ன பண்ணாருன்னு இவ்ளோ பேப்பர்னு கேட்டா பதில் அந்த ஃபைலுக்குள்ளயே இல்ல.

நான் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வெச்சிருக்கேன். காலைலருந்து கைல வர்றது எல்லாம் எஃப்ஐஆர், ரிமாண்ட் ரிப்போர்ட், சார்ஜ் ஷீட், 161 ஸ்டேட்மென்ட் (போலீஸ் சாட்சிகிட்ட வாங்கி எழுதற வாக்குமூலம், புது சட்டத்துல அது 180 ஆயிடுச்சு, ஆனா வக்கீலுங்க வாய்ல இன்னும் 161 தான்). அதனால போலீஸ் பேப்பர் படிக்கறதுல ஒரு பழக்கம் உண்டு, எந்த எடத்துல சாட்சி பேசறாரு, எந்த எடத்துல ஸ்டேஷன் ரைட்டர் பேசறாருன்னு ரெண்டு வரி படிச்சாலே தெரிஞ்சுடும்.

இத ஏன் தேடிப் போனேன்னா கடைக்கு ரெகுலரா வர்ற ரெண்டு வக்கீல் சாருங்களால தான். ஈடி (அமலாக்கத்துறை) ரெய்டுன்னு டிவில வந்தா ஒருத்தர் "எலெக்‌ஷன் வந்தா கரெக்டா வந்துடுவாங்களே"ம்பாரு, இன்னொருத்தர் "தப்பு பண்ணலன்னா எதுக்குங்க பயம்"ம்பாரு. அடுத்த வாரம் மாநில விஜிலென்ஸ் ரெய்டு வரும், ரெண்டு பேரும் டயலாக்க அப்படியே மாத்திப்பாங்க, வெக்கமே இல்லாம, டீ கிளாஸ் கூட மாத்த மாட்டாங்க. அப்ப ஜூனியர் பையன் ஒருத்தன் "அமெரிக்காவுல எல்லாம் இப்படி இல்லீங்ணா, எஃப்பிஐ யாருக்கும் வளையாது"ன்னு சொன்னான். அட, பாத்துடலாமேன்னு தான் உள்ள போனேன்.

உள்ள போனா ஏ டு இசட் லிஸ்ட் இருக்கு, சப்ஜெக்ட் வாரியாவும் பிரிச்சிருக்காங்க. எல்லாரும் போறது பறக்கும் தட்டுக்கு தான். 1950ல ஒரு அதிகாரி எழுதின ஒரே ஒரு பக்க மெமோ, வால்ட்லயே அதிகம் பேர் பாத்தது அதுதான்னு எஃப்பிஐயே 2013ல சொல்லிச்சு, பத்து லட்சத்த நெருங்கி பாத்திருக்காங்களாம். அத விடுங்க, நேரா கோயின்டெல்ப்ரோ பகுதிக்குப் போங்க. 1956லருந்து 1971 வரைக்கும் எஃப்பிஐ சொந்த நாட்டு அரசியல் ஆளுங்க மேல நடத்தின ரகசிய வேலை அது. மொதல்ல கம்யூனிஸ்ட் கட்சி, அப்புறம் கறுப்பின மக்களோட இயக்கங்க, வியட்நாம் போர எதிர்த்த மாணவருங்க, கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கூட்டம் கூட லிஸ்ட்ல உண்டு. குத்தம் கண்டுபிடிச்சு கோர்ட்ல நிறுத்தறது இல்ல இதோட நோக்கம், ஆளுங்கள ஒருத்தருக்கொருத்தர் சந்தேகப்பட வெச்சு இயக்கத்த ஒடைக்கறது. மொட்டைக் கடுதாசி போடறது, குடும்பத்துல சண்டை மூட்டறது, வேலைய விட்டுத் தூக்க வெக்கறது, எல்லாமே ஆபீஸ் பாஷைல, தேதி போட்டு, மேலிடத்து அனுமதி கேட்டு, நகல் யாருக்குன்னு கீழ எழுதி. அங்க தான் எனக்குக் கை நின்னுச்சு. நம்மூர்ல இந்த மாதிரி வேலைய பேப்பர்ல எழுதவே மாட்டாங்க, அங்க எழுதி, நம்பர் போட்டு, ஃபைல் பண்ணி வெச்சிருக்காங்க.

இந்த விஷயம் மொதல்ல வெளிய வந்ததே திருட்டால தான். 1971 மார்ச் 8 ராத்திரி, ஊர் முழுக்க அலி, ஃப்ரேசியர் குத்துச்சண்டைல மூழ்கிக் கெடந்தப்ப, பென்சில்வேனியாவுல மீடியாங்கற சின்ன ஊர்ல இருந்த எஃப்பிஐ கிளை ஆபீஸ் பூட்ட ஒடைச்சு பேப்பர் எல்லாத்தையும் சூட்கேஸ்ல அள்ளிட்டுப் போய் பத்திரிகைக்கு தபால்ல அனுப்பிட்டாங்க. அதுல ஒரு மெமோ, போர் எதிர்ப்பாளருங்கள அடிக்கடி போய் விசாரிங்க, அப்பதான் அவனுங்க பீதி கூடும், ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலயும் ஒரு எஃப்பிஐ ஆள் நிக்கறான்னு அவனுங்களுக்குப் புரியும்ங்கற மாதிரி போகுது. இத எழுதினவரு தனக்கு எதிரா இது ஒரு நாள் சாட்சி சொல்லும்னு நெனச்சே இருக்க மாட்டாரு. திருடினவங்கள 200 ஏஜென்ட் வரைக்கும் எறக்கி தேடியும் புடிக்க முடியல, 2014ல அவங்களே சிலர் வெளிய வந்து நாங்க தான்னு சொன்னாங்க.

அப்புறம் செனட்டர் ஃப்ராங்க் சர்ச் தலைமைல செனட் போட்ட சர்ச் கமிட்டியோட விசாரணை 1975ல, அதுக்கு அடுத்த வருசம் எஃப்பிஐ டைரக்டர் பதவி பத்து வருசம் தான்னு சட்டம். ஹூவர்னு ஒருத்தர் 1924லருந்து 1972ல சாகற வரைக்கும் 48 வருசம் ஒரே நாற்காலில ஒக்காந்திருந்தாரே, அதனால.

இனி குறைங்க. மொத குறை, அழிச்ச வரிங்க. பேர், ஊர், தகவல் குடுத்தவன் யாரு, எல்லாத்தையும் மறைச்சு ஓரத்துல பி7சி, பி7டி னு கோடு போட்டிருப்பாங்க. பி7சின்னா தனி மனுசங்க அந்தரங்கம், பி7டின்னா ரகசியமா தகவல் குடுத்த ஆளக் காப்பாத்தறது. காரணம் சரிதான், தப்பு சொல்ல மாட்டேன், ஆனா சில பக்கத்துல மிஞ்சறது "என்று கூறினார்" மட்டும் தான், யாரு யார்கிட்ட என்னத்த கூறினாருன்னு நீங்களா ஊகிச்சுக்கணும். பழைய டைப்ரைட்டர் பக்கத்துல மை வேற மங்கிப் போய், கார்பன் காப்பிக்குக் கார்பன் காப்பி எடுத்த மாதிரி இருக்கும். சர்ச் போட்டா சில ஃபைல்ல உள்ள இருக்கற எழுத்தையே புடிக்காது.

ரெண்டாவது குறை பெருசு. இங்க இருக்கறதுல நெறைய செத்தவங்க ஃபைல். உசுரோட இருக்கறவங்க மேல சூடா ஓடிட்டு இருக்கற கேஸ் இங்க சாதாரணமா கெடைக்காது. கெடைச்சா அதுவே பிரச்சனை ஆயிடுது. 2016 நவம்பர் 1, அங்க ஓட்டு போட ஒரே வாரம் பாக்கி, பல மாசமா தூங்கிட்டு இருந்த வால்ட்டோட ட்விட்டர் கணக்கு திடீர்னு எந்திரிச்சு பில் கிளின்டன் காலத்துப் பழைய ஃபைல் ஒண்ண போடுது. அவர் பொண்டாட்டி ஹிலாரி தான் வேட்பாளர். கேட்டா, வரிசைப்படி ரெடியான ஃபைல் தானா போகும்னு எஃப்பிஐ விளக்கம் குடுத்துச்சு. உண்மையாவே இருக்கலாம், இருந்தாலும் யார் நம்புவாங்க? அதுக்கு நாலு நாள் முன்னாடி தான், அக்டோபர் 28, எஃப்பிஐ டைரக்டர் கோமி, ஹிலாரி ஆபீஸ் மெயிலுக்கு சொந்த சர்வர் வெச்சிருந்தத பத்தி முடிச்சு வெச்ச விசாரணைல புதுசா மெயில் வந்திருக்குன்னு அவங்க பார்லிமென்ட்டுக்கு லெட்டர் எழுதியிருந்தாரு. ஜூலைல அதே மனுசன் பிரஸ் மீட் வெச்சு, கேஸ் போடற அளவுக்கு இல்லன்னு சொல்லிக்கிட்டே ஹிலாரிய நல்லா திட்டியும் விட்டாரு. கேஸ் இல்லன்னா எதுக்கு மைக்? நம்மூர் இன்ஸ்பெக்டரே அப்படி பண்ண மாட்டாரு. ஜூலைல ட்ரம்ப் கட்சிக்காரங்க கொதிச்சாங்க, அக்டோபர்ல ஹிலாரி கட்சிக்காரங்க கொதிச்சாங்க.

இந்த மாத்தி மாத்தி கொதிக்கறது தான் அங்கயும் கதை. 2022 ஆகஸ்ட் 8 ட்ரம்ப்போட மார்-அ-லாகோ வீட்ல சோதனை போட்டப்ப ஒரு கூட்டம் எஃப்பிஐயவே இழுத்து மூடணும்னுது, மூணே நாள்ல ஒருத்தன் துப்பாக்கியோட சின்சினாட்டி எஃப்பிஐ ஆபீஸுக்குள்ள பூரப் பாத்தான். 2025 செப்டம்பர்ல, ட்ரம்ப் மறுபடி ஆட்சில இருக்கறப்ப, அதே கோமி மேல குற்றப்பத்திரிகை, நவம்பர்ல கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு, கேஸ் போட்ட அரசு வக்கீல நியமிச்சதே செல்லாதுன்னு. இப்ப எஃப்பிஐ வேணாங்கறது இன்னொரு கூட்டம். எங்க வக்கீல் சாருங்க ரெண்டு பேரையும் அப்படியே கோட்டு மாட்டி வாஷிங்டன்ல எறக்கி விட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, நான் இந்த ரிவியூ எழுத ஒக்காந்ததே அதுக்குத்தான். 2019 டிசம்பர்ல அவங்க நீதித்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஹொரோவிட்ஸ் ஒரு ரிப்போர்ட் விட்டாரு. அது வால்ட் இல்ல, தனி சைட், அதுவும் ஃப்ரீ, நானூறு பக்கத்துக்கு மேல. ட்ரம்ப் பிரச்சாரத்துல இருந்த ஒரு ஆள வேவு பாக்க ரகசிய கோர்ட்ல எஃப்பிஐ போட்ட மனுக்கள்ல 17 பெரிய தப்பு, விடுபாடுன்னு ஒண்ணொண்ணா எண்ணி எழுதியிருக்காரு. அதே ரிப்போர்ட்லயே, விசாரணைய ஆரம்பிச்சதுக்கு அரசியல் பாரபட்சம் தான் காரணம்னு சொல்ல ஆதாரம் கெடைக்கலன்னும் எழுதியிருக்காரு. ஒரு கட்சி 17ஐ மட்டும் படிச்சுது, இன்னொரு கட்சி அடுத்தத மட்டும் படிச்சுது, அது கெடக்கட்டும். அந்த மனு வேலைல ஒரு மெயில்ல வார்த்தைய மாத்தின எஃப்பிஐ வக்கீல் ஒருத்தர் கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டாரு, ஜெயில் கெடையாது, புரோபேஷன் தான், அது எனக்கு ஒப்பல. இருந்தாலும் எஃப்பிஐ மேல சந்தேகப்படறவனுக்கு பக்க நம்பர் சொல்லி சந்தேகப்பட முடியுது. தப்பு எந்த மனுல, எந்த பாராவுலன்னு விரல் வெச்சுக் காட்ட முடியுது.

இங்க? வால்ட் தொறந்த அதே 2011ல, ரெண்டே மாசம் கழிச்சு ஜூன் 9, நம்ம சிபிஐய தகவல் உரிமைச் சட்டத்துலருந்து வெளிய தூக்கிட்டாங்க, ஊழல், மனித உரிமை மீறல் பத்தின தகவல் மட்டும் தான் கேக்கலாம். ஈடி ஆரம்பத்துலருந்தே அந்த விலக்கு லிஸ்ட்ல தான் இருக்கு. மத்திய அரச மட்டும் சொல்லிட்டு நம்மள விட்டா நியாயம் இல்ல, தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புக்கும் 2008லயே விலக்கு குடுத்தாச்சு. சாதா எஃப்ஐஆர்னா சுப்ரீம் கோர்ட் 2016ல சொன்னபடி நெட்ல ஏத்தணும், கேஸ்காரங்க கடைக்கு வந்து "அண்ணா ஒரு எஃப்ஐஆர் எடுத்துக் குடுங்க"ன்னா எடுத்துத் தருவேன். ஈடி கேஸ் ஆரம்பிக்கறப்ப எஃப்ஐஆர் மாதிரி போடற ஈசிஐஆர் அப்படி கெடையாது, குத்தம் சாட்டப்பட்டவருக்கே காப்பி குடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னு 2022 ஜூலை 27 தீர்ப்பு. கைது பண்றப்ப காரணத்த எழுத்துல குடுக்கணும்னு 2023 அக்டோபர்ல இன்னொரு தீர்ப்பு வந்துச்சு, அது கொஞ்சம் ஆறுதல். சிபிஐய கூண்டுக் கிளின்னு சுப்ரீம் கோர்ட்டே 2013ல சொல்லிச்சு, தமிழ்நாடு 2023 ஜூன்ல சிபிஐக்கு குடுத்திருந்த பொது அனுமதிய (கேஸுக்கு கேஸ் கேக்காம விசாரிக்கற அனுமதி) வாபஸ் வாங்கிச்சு, ஆனா ஒரு கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு நானோ நீங்களோ ஒக்காந்து படிக்க ஒரு பக்கம் கெடையாது.

நம்ம ஆத்தூர் பக்கத்து அண்ணன் தம்பி கேஸ் ஞாபகம் இருக்குங்களா? வயசான ரெண்டு விவசாயிங்க, 2023ல ஈடி சம்மன் போகுது, கவர் மேலயே ஜாதிப் பேரு. நோண்டிப் பாத்தா காட்டெருமை செத்ததுக்கு வனத்துறை போட்ட பழைய கேஸு, அதுலயும் அவங்க விடுதலை ஆனவங்க. உள்ளூர் கட்சி நிர்வாகியோட நிலத்தகராறு தான் பின்னணின்னு அவங்க தரப்பு சொல்லிச்சு. பெருசா செய்தியான பின்னாடி, 2024 ஜனவரில ஈடி கேஸ கைவிட்டுடுச்சு. சரி, மொதல்ல அந்த ஃபைல தொறந்தது யாரு, என்ன குறிப்பு எழுதி தொறந்தாங்க, யாரு ஒப்புதல் குடுத்தது? ஒரு இன்ஸ்பெக்டர் ஜெனரல் ரிப்போர்ட் வேணாம், நாலு பக்கம், பாதி அழிச்சதே வரட்டும், நான் என் செலவுல நூறு காப்பி போட்டு ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுல குடுக்கறேன்.

அதனால வால்ட்டுக்கு என்னோட மார்க் அஞ்சுக்கு மூணரை. லேட்டா குடுக்கறாங்கன்னு ஒண்ணு, அழிச்சுக் குடுக்கறாங்கன்னு அரை. எஃப்பிஐ மேல நம்பிக்கை வரும்னு நெனச்சு போகாதீங்க, படிச்சா இருக்கறதும் கொறையும். ஜூனியர் பையன்கிட்ட கோயின்டெல்ப்ரோல பத்து பக்கம் எடுத்துக் குடுத்தேன், படிச்சுட்டு "இங்க விட மோசமா இருக்கேண்ணா"ன்னான், இங்க எப்படின்னு ஒனக்கு எப்படி தெரியும்னு கேட்டேன், முழிச்சான்.

லா காலேஜ் பசங்களுக்கு ரெண்டு டிப்ஸ். மொபைல்ல படிக்காதீங்க, கண்ணு போயிடும், சிஸ்டம்ல பெருசு பண்ணிப் படிங்க. ஃபைலுங்கள பார்ட் பார்ட்டா பிரிச்சிருப்பாங்க, மொத பார்ட்ட விட நடு பார்ட்ல தான் சரக்கு இருக்கும், நம்மூர் கேஸ் கட்டு மாதிரியே. பிரிண்ட் எடுக்கணும்னா பக்க நம்பர் குறிச்சுட்டு வாங்க, முழுசா போடாதீங்க, கருப்பு அடிச்ச பக்கத்துக்கும் காசு தான், டோனர் அதுக்குத் தான் ஜாஸ்தி குடிக்கும்.