வெள்ளையா, மஞ்சளா: எந்தக் கரிசலாங்கண்ணியை வளர்ப்பது?

வாரம் ஒருமுறை கீரை பறிக்க வேண்டும் என்றால் மஞ்சள் கரிசலாங்கண்ணி. எண்ணெய் காய்ச்சவும், உலர்த்தி விற்கவும் வெள்ளை. என் முடிவு இதுதான். ஆனால் மஞ்சள் என்று சொல்லி நர்சரியில் கொடுப்பது பல நேரம் வேறு செடி என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளையை நட வேண்டிய தேவையே இல்லை என்பார்கள் விவசாயிகள். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும். நெல்லுக்கு அது களை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. பொடி விதையை ஆழமாகப் புதைத்துவிட்டு 'முளைக்கவில்லை' என்று வருந்துகிறவர்கள் அதிகம். ஈர மண்ணின் மேல் தூவி, பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்தால் போதும். பூ விடும் சமயத்தில் அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அடிக்கட்டையை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும், ஆனாலும் ஆயுள் குறைவுதான்.

ஒரு இலையைக் கசக்கிப் பாருங்கள், சாறு சற்று நேரத்தில் கருத்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியை அந்தச் சாற்றில் நனைத்து நிழலில் காயவைத்து, திரும்பத் திரும்ப அப்படியே செய்து, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துப் பிடிக்கும் கரிதான் பாட்டி காலத்துக் கண்மை. கூந்தல் தைலத்துக்கும் இந்தச் சாறுதான்.

மஞ்சள் வேறு குணம். தரையோடு படர்ந்து, மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மூன்று, நான்கு கணு உள்ள தண்டைக் கிள்ளி நட்டால் பிடித்துக்கொள்ளும், விதையைத் தேட வேண்டாம். லேசான நிழலும் விடாத ஈரமும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பாசிப்பருப்போடு கூட்டு வைக்க வெள்ளையைவிட இதுவே வாய்க்கு இதம். வள்ளலார் அன்றாட ஒழுக்கங்களைச் சொல்லும் நித்திய கரும விதியில் குறிப்பிடும் பொற்றலைக் கையாந்தகரையும் இதுதான்.

மருந்துச் சரக்கில் எது உசத்தி என்று சண்டை போடுவதில் பெரிய அர்த்தமில்லை. 1950களில் சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழு ஆராய்ந்த வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் இரண்டிலுமே இருக்கிறது. கல்லீரலுக்கு நல்லது என்ற பேச்சுக்கு ஆய்வகச் சோதனைகளின் ஆதரவு ஓரளவு உண்டு. அதற்காக மஞ்சள் காமாலைக்கு வைத்தியரிடம் போகாமல் கீரையை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து.

இப்போது, மஞ்சள் என்று சொல்லி நர்சரியில் கொடுக்கும் அந்த மூன்றாவது செடி. பூங்காவிலும் ரோட்டு நடுத்திட்டிலும் மஞ்சள் பூவோடு கம்பளமாகப் படர்ந்திருக்குமே, அது தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த அழகுச்செடி. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய சொந்தம், பூவும் கிட்டத்தட்ட அதேதான். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. இதை மூலிகை என்று விற்பதும், நம்பிச் சமைப்பதும் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். அசல் இலை நீண்டு ஒடுங்கி, ஓரத்தில் பல் இருந்தாலும் மேலோட்டமாகவே இருக்கும். அழகுச்செடியின் இலை தடித்துப் பளபளப்பாக, இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி மூன்றாகப் பிரிந்ததுபோல் தெரியும்.

வெள்ளையைப் பறிக்கும்போது வேறு கவனம் வேண்டும். சாக்கடை ஓரத்திலும் இது கொழுகொழுவென்று வளரும், அங்கே பறிக்காதீர்கள். விதை முற்றிய ஒரு செடியை நல்ல வயல் வரப்பிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் உதறினாலே போதும். மஞ்சளுக்கு, அதை வழக்கமாகச் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் ஒரு கொடி கேட்டு வாங்குவது நர்சரியைவிட மேல்.