ட்ரைட்டனா, ட்ரிப்சாவா: ஒரு ட்ரையம்ப் எஞ்சினுக்கு ஃப்ரேம் தேடிய கதை

மூன்று வருடங்களுக்கு முன்பு ட்ரையம்ப் மோட்டார் சைக்கிளின் 650 சிசி எஞ்சின் ஒன்று என் கைக்கு வந்தது. கியர்பாக்ஸும் கூடவே வந்தது, வண்டி மட்டும் வரவில்லை. 1950களின் கடைசியில் செய்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் சேராமல் தனித்தனியாக இருக்கும் பழைய வகை. இதை எந்த ஃப்ரேமில் உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

நான் இருப்பது லண்டன் ஆல்பர்ட்டனில். மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் ஏஸ் கஃபே பக்கம்தான். 1938இல் திறந்து, போரில் குண்டு விழுந்து, 1949இல் திரும்பக் கட்டி, 1969இல் மூடி, 2001இல் அதே இடத்தில் மறுபடி திறந்த கடை. அங்கே போய் ஒரு தேநீரோடு நின்றால் போதும், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாம் சேர்ந்து கடைசியில் இரண்டு பெயரில் வந்து நின்றது. நார்ட்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் என்ற ஃப்ரேமில் போட்டால் ட்ரைட்டன். பிஎஸ்ஏ கம்பெனியின் ஏ10 வண்டி ஃப்ரேமில் போட்டால் ட்ரிப்சா.

நடுவில் நார்வின் என்று ஒரு பேச்சும் வந்தது: அதே நார்ட்டன் ஃப்ரேமில் வின்சென்ட் கம்பெனியின் 998 சிசி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் எஞ்சின். வின்சென்ட் மோட்டார் சைக்கிள் செய்வதை 1955இலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த எஞ்சின் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். நான் ஓட்டியதும் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். ‘பேசாமல் முழு நார்ட்டன் 650எஸ்எஸ் வாங்கிவிடேன்’ என்றவர்களும் உண்டு. நியாயமான யோசனைதான். ஆனால் வீட்டில் கிடந்தது ட்ரையம்ப் எஞ்சின்.

வளைவில் எது நன்றாக நிற்கும் என்பதை நீட்டி முழக்கத் தேவையில்லை. பெல்ஃபாஸ்ட்டின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட், 1950இல் பந்தயத்துக்கு வந்தது; அந்த வருடமே பந்தய வீரர் ஜெஃப் ட்யூக் அதில் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். ட்ரையம்ப் எஞ்சின் சுறுசுறுப்பானது, சக்தியைக் கூட்ட எளிதானது. அதன் சொந்த ஃப்ரேம்தான் வளைவில் ஆடும். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் ட்ரைட்டன். பிஎஸ்ஏ ஃப்ரேமும் ஒன்றும் சோடை இல்லை, விலையும் குறைவு. ட்ரிப்சாக்கள் மண்மேட்டுப் பந்தயங்களில் நிறைய ஓடியிருக்கின்றன. நண்பர் ஒருவரின் ட்ரிப்சாவை ஒரு மதியம் ஓட்டிப் பார்த்தேன்; ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நான் கடைசியில் கட்டிய ட்ரைட்டனைவிட லேசாகத்தான் தெரிந்தது. ஒரு மதியத்தை வைத்து இதற்கு மேல் சொல்லக்கூடாது.

எனக்கு முடிவைத் தந்தது ஃப்ரேமும் இல்லை, எஞ்சினும் இல்லை. இரண்டையும் நடுவில் நின்று பிணைக்கும் தகடுகள், அதாவது எஞ்சின் பிளேட்டுகள்.

பழைய ட்ரையம்பில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதிர்வு சாதாரணமாக இருக்காது. ரப்பர் எதுவும் கிடையாது. எஞ்சினை நேராக பிளேட்டில் முடுக்கி, பிளேட்டை ஃப்ரேமில் முடுக்க வேண்டும். அந்த அலுமினியத் தகட்டில் ஒரு போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் துளை மெல்ல முட்டை வடிவமாகிவிடும். கியர்பாக்ஸும் இதே பிளேட்டில்தான் தொங்குகிறது. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் முதல் செயினை இறுக்க கியர்பாக்ஸையே பின்னால் நகர்த்த வேண்டும். அதற்காக பிளேட்டில் ஒரு நீளத் துளை இருக்கும். நகர்த்தியதும் பின்சக்கரச் செயின் தொய்ந்துவிடும், அதையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இத்தனையும் அந்தத் தகட்டின் அளவை நம்பித்தான் நடக்கிறது.

ட்ரைட்டனுக்காக நான் முதலில் வாங்கிய பிளேட்டில் அந்த நீளத் துளை குட்டை. கியர்பாக்ஸைக் கடைசிவரை தள்ளியும் செயின் தொங்கியது. சரி, ஒரு கண்ணியைக் கழற்றலாம் என்றால் அப்போது செயின் ஏறவே இல்லை. விற்ற கடையில் கேட்டதற்கு ‘உன் செயின் தேய்ந்திருக்கும்’ என்றார்கள். புதுச் செயின் அது! வேறு கடையில் வேறு பிளேட் வாங்கினேன், பொருந்தியது. அப்புறம் ஒரு மீட்டர் இரும்புப் பட்டையைப் பின்சக்கரப் பல்சக்கரத்தின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து முன்னால் நீட்டிப் பார்த்தால், கியர்பாக்ஸ் பல்சக்கரம் நாலு மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது. இடைவெளி வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டு அதை நேராக்க மூன்று சனிக்கிழமைகள் போயின.

இந்தக் கூத்தைப் பார்க்க வந்த மாமா, யாழ்ப்பாணத்துக்காரர், கதிரையில் இருந்தபடியே சொன்னார்: “உதுக்கு ஏன் தம்பி இவ்வளவு பாடு? பொருளாதாரத் தடை நேரம் நாங்கள் மண்ணெண்ணெயிலயே மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள்.” சொல்லிவிட்டு அவரேதான் பட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

இங்கேதான் ட்ரைட்டன் ஜெயிக்கிறது. ஒரு கடை பிளேட் சரியில்லை என்றதும் என்னால் இன்னொரு கடைக்குப் போக முடிந்தது. அறுபது வருடங்களுக்கு மேலாக ஊரே இதைக் கட்டியிருக்கிறது. ட்ரையம்ப் கியர்பாக்ஸா, நார்ட்டன் கியர்பாக்ஸா, தனி எஞ்சினா, 1963 முதல் வந்த, கியர்பாக்ஸோடு ஒரே கூட்டில் இருக்கும் எஞ்சினா, ஃப்ரேம் அகலமானதா, ஒடுங்கியதா என்று சொன்னால் அதற்கேற்ற பிளேட்டை எடுத்துத் தருகிறார்கள். டேங்க், சீட், எஞ்சின் தலையை ஃப்ரேமோடு பிணைக்கும் பட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ட்ரிப்சாவுக்கும் பிளேட் கிடைக்கும், இல்லாமல் இல்லை. ஆனால் தெரிவு குறைவு. நண்பர் தன் பிளேட்டைத் தானே வெட்டியவர். நாலாம் வருடம் அதில் விரிசல் விழுந்தபோது அதை வெட்ட வைத்திருந்த அட்டை மாதிரியைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்தக் கோடைகாலம் முழுவதும் வண்டி கொட்டகையில் நின்றது.

ஃபெதர்பெட்டிலும் ஒரு தெரிவு உண்டு. ஆரம்பகால ஃப்ரேம் முழங்கால் பக்கம் அகலம். 1960இல்தான் அதை ஒடுக்கினார்கள். பார்வைக்குப் பழையதுதான் அழகு. என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம், சிக்னலில் கால் ஊன்ற வேண்டுமே! ஒடுங்கியதையே எடுத்தேன்.

விற்பனை விலை பற்றி: நான் இன்னும் விற்கவில்லை, கேட்டு வந்தவர்களின் பேச்சை வைத்துச் சொல்கிறேன். ட்ரைட்டன் என்ற பெயருக்கு ஆள் வருகிறார்கள். வந்தவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் குனிந்து, ஃப்ரேமில் குத்தியிருக்கும் எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதனால் காகிதம் இல்லாத ஃப்ரேமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நார்ட்டன் பக்தர்கள் சிலர் மட்டும் ஒரு நார்ட்டன் பலியானதற்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி நின்றுவிட்டுப் போவார்கள்.

நண்பர் இப்போது புது பிளேட் போட்டு ஓட்டுகிறார். இந்த முறை மாதிரியை அட்டையில் வெட்டாமல் தகரத்தில் வெட்டி, கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.