நெல் விலை மானியம்: செபராங் பிறையில் இரண்டு பருவங்கள் பார்த்த பிறகு

என் மாமனார் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் சுங்கை ஆச்சே பக்கம் 7 ரெலோங் (இங்குள்ள நில அளவு) வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். வயதாகிவிட்டதால், மானியம் தொடர்பாக அலைவதும் கணக்குப் பார்ப்பதும் இரண்டு பருவங்களாக என் வேலையாகிவிட்டன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நெல்லை விற்கும்போது விலைக்கு மேல் அரசு தரும் விலை மானியம், டன்னுக்கு 360 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500 வெள்ளியாக உயர்ந்தது. குறைந்தபட்ச நெல் விலையும் 2025 தொடக்கத்தில் 1,300 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளியாக உயர்ந்தது. இரண்டு பருவமும் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. இடையில் யாரும் கை நீட்டவில்லை.

ஆனால் இந்தச் சேவையின் தரம் வங்கியில் அல்ல, நெல் ஆலையின் எடைமேடையில்தான் முடிவாகிறது. லாரியில் ஏற்றிப்போன நெல்லின் முழு எடைக்கு மானியம் கிடைக்காது. ஈரம், பதர், தூசி ஆகியவற்றுக்காக ஆலைக்காரர்கள் ‘பொத்தோங்கான்’ என்று ஒரு விழுக்காட்டைக் கழித்த பிறகு மிஞ்சும் எடைக்குத்தான் விலையும் மானியமும். போன பருவத்தில் எங்கள் நெல் 10 டன் இருந்தது. 21 விழுக்காடு கழிந்து, 7.9 டன்னுக்கு 3,950 வெள்ளி மானியம் வந்தது. இங்கே ஒரு விழுக்காடு கூடினால் 100 கிலோ போகிறது. அதன் விலை 150 வெள்ளி, மானியம் 50 வெள்ளி, ஆக 200 வெள்ளி நட்டம். அந்த 21 எப்படி வந்தது என்று கேட்டபோது, எடைச்சீட்டைக் கொடுத்த இளைஞர் "மழை, அங்கிள்" என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னதோடு சரி. அறுவடை நாளில் மழை பெய்தது உண்மைதான். ஆனாலும் ஈரத்துக்கு எவ்வளவு, பதருக்கு எவ்வளவு என்று சீட்டில் பிரித்து எழுதியிருந்தால் நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

உர மானியம் வேறு வழியில் வருகிறது. 1979 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது, உர மூட்டைதான். விவசாயிகள் சங்கத்தின் வழியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கும். உரம் நல்ல உரம். ஒரு பருவத்தில் எங்கள் பகுதிக்கு அது தாமதமாக வந்து சேர்ந்தது. பயிர் காத்திருக்காது என்பதால் முதல் தவணை உரத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் போட்டோம்.

சங்க அலுவலக முகப்பில் இருந்தவர்கள் பொறுமையாகப் பேசினார்கள். எனக்கு மலாய்ப் படிவம் பழக்கம். மாமனார் தனியாகப் போயிருந்தால் இரண்டு முறை திரும்பி வந்திருப்பார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையைக் குறைத்தது பெரும்பாலும் எடைச்சீட்டுதான்.

குத்தகைக்கு உழுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரமும் பணமும் போகும். நில உரிமையாளர் தம் பெயரிலேயே பதிவை வைத்துக்கொண்டால், சேற்றில் இறங்கியவர் அவரிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியதுதான். மாமனார் அடுத்த பருவத்துக்கான குத்தகைக் கடிதத்தைப் போன மாதமே கையெழுத்து வாங்கி, பழைய எடைச்சீட்டுகளோடு பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டார்.