முழுநேர வகுப்பா, பணியோடு கற்பதா?

தமிழில் போதிய அறிவில்லாமல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்வோர், 2 ஆண்டுகளுக்குள் இரண்டாம் நிலை மொழித் தேர்வில் தேற வேண்டும் என்பது விதி. அதற்கு எவ்வழியில் தயாராவது என்பதே கேள்வி. முசோரியில் ஐ.ஏ.எஸ். பயிற்சி பெறுவோர், தமக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் மொழியை வகுப்பறையில் கற்கிறார்கள். எழுத்தும் இலக்கணமும் ஒழுங்காகப் படிவது இதன் பெரும்பயன். கோப்பில் குறிப்பெழுத அந்த அடித்தளம் கட்டாயம் வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே கற்பது வேறு வகை. திருநெல்வேலியின் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ராதாபுரம் பக்கமிருந்து வரும் மூதாட்டி ஒருவர் மனுவை நீட்டி, “ஐயா, எம் மவன் பேருக்குப் பட்டா மாத்தணும், எங்க போணும்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுதாவ” என்று முறையிட்டால், பாடநூல் தமிழ் மட்டும் கற்ற அலுவலருக்குப் பாதிதான் பிடிபடும். இந்தப் பேச்சு காதுக்குப் பழக, மனுதாரர்கள் நடுவே உட்கார்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் வேலைப்பளு மிகும் நாள்களில் முதலில் கைவிடப்படுவதும் இப்பயிற்சியே.

ஆகவே எழுத்தை வகுப்பறைக்கு விட்டுவிட்டு, பேச்சுக்கு வாரம் ஒரு முற்பகலை, வேறு பணி எதுவும் ஒப்படைக்காமல், அனுபவமுள்ள வருவாய்த்துறை உதவியாளர் ஒருவரின் மேசையருகே ஒதுக்கித் தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.