கிறிஸ்துமஸ் ஹாம் வாங்கி ஏமாந்த கதை: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு

ஈஸ்டர் நெருங்குகிறது. புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் "வீட்டு முறை ஸ்மோக்ட் ஹாம், முன்பதிவு ஆரம்பம்" என்ற படங்கள் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டன. ஹாம் என்றால் உப்பேற்றிப் புகை போட்ட பன்றித் தொடை. போன கிறிஸ்துமஸுக்கு அப்படி ஒரு விளம்பரத்தை நம்பி 3,950 ரூபாய் கொடுத்தவன் நான். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பெயர் எது என்பதே எனக்கு இன்னும் தெரியாது. லேபிளில் ஒரு பெயர், பணம் போன யூபிஐ கணக்கில் இன்னொரு பெயர், போனில் பேசியவர் சொன்னது மூன்றாவது பெயர்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். எங்கள் வீட்டில் பன்றிக்கறி என்றால் மிளகு தூக்கலாகப் போட்ட வறுவல், அதோடு கதை முடிந்தது. மனைவி வீடு புதுச்சேரி. புதுச்சேரியில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீடு, என்றால் எல்லோருக்கும் புரியும். மாமாவின் அப்பா 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர், மாமாவும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நீளரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி உள்ளே ஹாம் வைத்துச் சாப்பிடுவதைப் பற்றி அவர் பேசினால் அரை மணி நேரம் போகும். ஹாம் என்று சொல்லமாட்டார், ழாம்போன்தான். அவர் கண்முன்னால் முழு ஹாமை இனிப்புப் பூச்சுப் போட்டு மேசையில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பதினெட்டு வருட மருமகனுக்கு இப்படி ஆசைகள் வரக்கூடாதுதான்.

விளம்பரத்தில் "ரெடி ஹாம்" என்று இருந்தது. எலும்போடு கூடிய பின்னங்கால், மூன்றரை கிலோ, கிலோ 1,100 ரூபாய், டெலிவரிக்கு நூறு. நான் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "அண்ணே, இது வெந்ததா, வேகாததா?" பதில் குரல் பதிவாக வந்தது: "எல்லாம் ரெடி சார். மூணு நாள் உப்புத் தண்ணியில ஊறவச்சு, புகை போட்டுத்தான் தர்றோம். நீங்க சூடு பண்ணி மேல தேன் கீன் தடவினா போதும்." அந்தக் குரல் பதிவை நான் அழிக்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

22-ஆம் தேதி காலை வர வேண்டியது, 23-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு வந்தது. கல் மாதிரி உறைந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. லேபிள் வீட்டு பிரிண்டரில் எடுத்த காகிதம்: ஒரு பன்றிப் படம், "பிரீமியம்" என்ற சொல், ஓர் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்). தயாரித்த தேதி இல்லை, கடைசித் தேதி இல்லை, முகவரி இல்லை. அந்த எண்ணைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். 14 இலக்கம் இருக்க வேண்டும். அதில் 12 தான் இருந்தது.

அன்று இரவு இதெல்லாம் கண்ணில் படவில்லை. வந்ததே போதும் என்றிருந்தது.

உறைந்த இறைச்சியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் இளக விட வேண்டும். இரண்டு கிலோவுக்கே கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பிடிக்கும். எனக்கு இருந்தது இருபத்துமூன்று மணி நேரம். 24-ஆம் தேதி மாலை தட்டில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்து, பனியும் உறையும் போகத் தராசில் வைத்தேன். 2 கிலோ 780 கிராம். கிலோ 1,100 ரூபாய் கணக்கில் 720 கிராம் தண்ணீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிட்டத்தட்ட 800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வடித்த தண்ணீர் லேசான செம்மண் நிறத்தில் இருந்தது. இது புகையின் நிறமா, பூசிய சாயமா என்று அப்போதே யோசித்திருக்கலாம். பண்டிகை நாளில் எதை யோசிப்பது?

பூச்சு விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை. நாட்டுச் சர்க்கரை, அன்னாசிச் சாறு, மாமாவின் அலமாரியில் இருந்த டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகு விழுது), கொஞ்சம் வெண்ணெய். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சினேன். மேல்தோலை உரித்துக் கொழுப்பை மட்டும் விட்டு, கத்தியால் மைசூர்பாகு துண்டு போடுவது போலச் சாய்சதுரமாகக் கீறி, கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு கிராம்பு. சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் பூச்சைக் கடைசி அரைமணியில்தான் தடவ வேண்டும், அப்படியே செய்தேன். 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். எலும்பின் முனை ஓடிஜி (சின்ன மின் அவன்) கதவில் இடித்து ஒரு நூல் இடைவெளி இருந்தது. இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் விற்றவர் இதையே பிடித்துக்கொண்டு தொங்கப் போகிறார்.

பதினொரு மணிக்கு வெளியே எடுத்தபோது வீடே ஜாதிக்காய் இல்லாத கிறிஸ்துமஸ் கேக் மாதிரி மணத்தது. அத்தையின் பீங்கான் தட்டில் வைத்தேன். பளபளவென்று, அரக்கு நிறத்தில், கிராம்பு வரிசை பிசகாமல் இருந்தது. மாமா சுற்றி வந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு. நான் போட்டோ எடுத்து, விற்றவருக்கே அனுப்பி, "சூப்பர் அண்ணே, ரொம்ப நன்றி" என்று கைகூப்பும் பொம்மையும் போட்டேன். பிறகு எல்லோரும் ஜென்மராக்கினி மாதா கோயிலுக்கு நள்ளிரவுப் பூசைக்குப் போனோம்.

திரும்பி வந்து உட்காரும்போது மணி ஒன்றேகால். வெட்டும் உரிமை மாமாவுக்கு. முதல் இரண்டு துண்டு சரி. மூன்றாவதில் கத்தியை நிறுத்தினார். நடுவில் இளஞ்சிவப்பு. ஹாமின் சிவப்பு இல்லை, பச்சைக்கறியின் சிவப்பு. கத்தியில் ஈரமாக ஒட்டியது. நான் ஓடிப்போய், வாங்கி ஒருநாளும் பயன்படுத்தாத சமையல் வெப்பமானியை எலும்புப் பக்கத்தில் குத்தினேன். 41 டிகிரி.

அவனில் வைத்தபோது உள்ளே இன்னும் முழுசாக இளகியிருக்கவில்லை என்பது என் தவறு. ஆனால் ஏற்கெனவே வெந்த ஹாமாக இருந்தால் நடுவில் சூடு குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். பச்சையாக இருந்திருக்காது. பச்சைப் பன்றிக்கறி 63 டிகிரியைத் தொட்டு மூன்று நிமிடமாவது அப்படியே இருந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் நாடாப்புழு வரும் வாய்ப்பு உண்டு. தட்டில் குழந்தைகளுக்கு வைத்த துண்டுகளை மனைவி மின்னல் மாதிரி எடுத்துவிட்டாள்.

மறுபடி ஓடிஜிக்குள் போனது. சர்க்கரைப் பூச்சு கருகியது, கிராம்பு எரிந்து புகைந்தது. நாற்பது நிமிடம் கழித்து எலும்பைச் சுற்றி வெட்டியபோது ஒரு வாடை. அழுகல் என்று அடித்துச் சொல்லமுடியாது, நாள்பட்ட ஈரத் துணி போல. "மாப்பிள்ளை, எலும்புகிட்ட மோந்து பாருங்க" என்றார் மாமா. மோந்தேன். அதற்குமேல் யாரும் அதைத் தொடவில்லை. மறுநாள் பிரியாணிக்கென்று அத்தை சமைத்து வைத்திருந்த ஆட்டுக்கறியைச் சூடாக்கி, ரொட்டியோடு சாப்பிட்டோம். புதுச்சேரிக் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கம் இருந்ததால் பிள்ளைகள் அழவில்லை.

அந்த வாடைக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. ஹாம் என்பது உப்பு உள்ளே போய்ச் சேரும் வேலை. உப்பும், கறி கெடாமல் காக்கும் சோடியம் நைட்ரைட்டும் வெளியிலிருந்து எலும்பு வரை போக வேண்டும். அது நத்தை வேகம். உலர் உப்பு முறையில் ஓர் அங்குல கனத்துக்கு ஏழு நாள் என்பது பழைய கணக்கு. அதனால்தான் தெரிந்தவர்கள் உப்புநீரை ஊசியால் எலும்புக்குப் பக்கத்திலேயே ஏற்றுகிறார்கள். ஊசியும் போடாமல் மூன்று நாள் ஊறவைத்தால் வெளிப்புறம் ஹாம், உள்ளே வெறும் கறி. மூட்டுப் பக்கம் உப்பு சேருமுன்பே கெட ஆரம்பித்துவிடக்கூடும். இத்தாலியில் பார்மா ஹாமைச் சோதிப்பவர்கள் குதிரை எலும்பில் செய்த ஊசியை உள்ளே குத்தி எடுத்து மோந்து பார்ப்பார்களாம். மாமாவுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை.

இன்னொரு சாட்சி நிறம். நைட்ரைட் ஏறிய இறைச்சி வெந்த பிறகும் ரோஜா நிறத்தில் இருக்கும். ஏறாதது சாதாரணக் கறி போல வெளுத்துச் சாம்பலாகும். எங்கள் துண்டில் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் ரோஜா, மிச்சமெல்லாம் சாம்பல். அந்தப் போட்டோவையும் விற்றவருக்கு அனுப்பினேன்.

முதல் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது: "உங்க அவன்ல பிரச்சினை சார்." கதவு இடைவெளியை நானே உளறியிருந்தேன். அடுத்தது: "ரெடின்னா ரெடி டு குக் சார், ரெடி டு ஈட்னு நாங்க சொல்லவே இல்லையே." குரல் பதிவை அவருக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் மௌனம். எடை குறைந்ததைக் கேட்டால் "ஃப்ரோசன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். இல்லை. பொட்டலத்தில் நிகர எடை என்று போட்டால் அது உறையும் பனியும் நீங்கிய எடையாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தது, "பண்டிகை சமயம், நமக்குள்ள மனஸ்தாபம் வேணாம்" என்ற குறிப்போடு. மீதி 2,950 இன்றுவரை வரவில்லை.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, பேசினேன். மரியாதையாகப் பேசிப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். விற்றவரின் முகவரி என்ன என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, ஆன்லைனிலேயே பதியலாம். ஆனால் அங்கும் யார்மீது, எந்த ஊர் என்று எழுத வேண்டுமே. மூன்று பெயர்களில் எதை எழுதுவது?

ஆகவே வாங்குகிறவர்கள் பணம் அனுப்புமுன் லேபிளின் போட்டோவைக் கேளுங்கள். 14 இலக்க எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்காஸ் தளத்தில் போட்டால் யாருடையது, எந்த முகவரி என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை, நான் செய்யாத வேலை. "ரெடி" என்ற சொல்லை ஏற்காதீர்கள். வெந்ததா, அப்படியே வெட்டிச் சாப்பிடலாமா, ஆமாவா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள் உப்பு, ஊசி போட்டார்களா என்று கேட்டால் தெரிந்தவர் ஆசையாக விளக்குவார்; தெரியாதவர் "பிரீமியம் சார்" என்பார். வந்ததும் பனியை நீக்கி எடை போடுங்கள். பூச்சுத் தடவுமுன், விருந்தினர் வருமுன், எலும்பை ஒட்டி ஒரு வெட்டு வெட்டி மோந்து பாருங்கள். அழகு கெடுமே என்று தோன்றும். அந்த வெட்டைச் சர்க்கரைப் பூச்சே மூடிவிடும். எங்கள் வீட்டில் வேகாததையும் வாடையையும் இரண்டு மணி நேரம் மூடி வைத்தது அதுதானே.

வீட்டிலேயே உப்புக்கட்டிப் பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் குறிப்புகளில் "பிங்க் சால்ட்" என்று வருவது கடையில் விற்கும் இந்துப்பு இல்லை. நைட்ரைட் கலந்த தனி உப்பு. 6.25 சதவீதம் நைட்ரைட் உள்ள வகையானால் கிலோ இறைச்சிக்கு இரண்டரை கிராம், அதற்குமேல் போகக்கூடாது, அளவு மீறினால் நைட்ரைட் விஷம். கண்ணளவில் போடுகிற நம் பழக்கம் இங்கே கூடாது.

இனி, இதை நான் இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். போன வாரம் மனைவியின் தோழி ஒருவர், "ஈஸ்டருக்கு இது வாங்கலாமா?" என்று ஒரு விளம்பரத்தை அனுப்பினார். வேறு கைப்பேசி எண், வேறு பெயர், கிலோ 1,250 ரூபாய். படத்தில் அரக்கு நிறத்தில் பளபளக்கும் ஹாம், வரிசை பிசகாத கிராம்பு. தட்டின் விளிம்பில் நீலக் கோடு, இடது ஓரத்தில் சின்ன உடைசல். அந்த உடைசல் என் மகன் இரண்டு வயதில் செய்தது. கீழே வாடிக்கையாளர் கருத்து என்று போட்டிருந்தார்கள்: "சூப்பர் அண்ணே, ரொம்ப நன்றி."

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை."